பாத்திரத்துக்குள் ஒரு மழை

நுழையும்முன்

மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஐந்து வயதுக் குழந்தையும் வானத்திலிருந்து என்று விடை கூறிவிடும். வானத்துக்கு அந்நீர் எவ்வாறு சென்றது, பெய்தபின் எங்கே செல்கிறது என்னும் வினாக்களுக்கு விடை காண மனிதகுலம் பல நூற்றாண்டுகள் முயன்றது. அவ்விடையை இன்று ஒரு பாத்திரம், ஒரு நெகிழித்தாள், ஒரு கைப்பிடி உப்பு ஆகியவற்றைக் கொண்டு ஒரே பகற்பொழுதில் குழந்தையின் கண்முன் காட்ட இயலும். அவ்வாறு கண்ட குழந்தை, நீரைப் பற்றி என்ன அறிந்துகொள்கிறது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

படத்தில் கண்ட வட்டம்

நீர்ச்சுழற்சியின் படத்தை அறியாத மாணவர் இலர். ஒருபுறம் கடல், மறுபுறம் மலை, நடுவே கதிரவன், மேலே முகில், அவற்றை இணைக்கும் அம்புக்குறிகள். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு, நீர் வழிந்தோடல் எனச் சொற்கள் அம்புகளின் அருகே எழுதப்பட்டிருக்கும். தேர்வில் அப்படத்தை வரைந்து பாகம் குறித்தால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

ஆயினும் படத்தைப் பிழையின்றி வரைந்த குழந்தையிடம் வேறுவகையில் வினவிப் பார்க்கலாம். குளிர்ந்த நீர் நிறைந்த குவளையின் வெளிப்புறத்தில் அரும்பும் துளிகள் எங்கிருந்து வந்தன? "குவளைக்குள் இருந்து கசிந்து வந்தன" என்பதே பெரும்பாலும் வரும் விடை. தரையில் சிந்திய நீர் உலர்ந்தபின் எங்கே போயிற்று? "தரை குடித்துவிட்டது" என்பார் சிலர். "இல்லாமல் போய்விட்டது" என்பார் வேறு சிலர். இட்லிப் பானையிலிருந்து வெண்மையாக எழுவது எது? "நீராவி" என்று எல்லாரும் ஒருமித்துக் கூறுவர். உண்மையில் நீராவி கண்ணுக்குப் புலனாகாத வளிமம். பானைக்கு வெளியே வந்து குளிர்ந்து மீண்டும் நுண்துளிகளாக மாறிய நீரே வெண்மையாகத் தெரிகிறது.

இவ்விடைகள் அறியாமையால் மட்டும் எழுபவை அல்ல. குழந்தை தான் கண்டதைக் கொண்டு தன்னளவில் ஒரு விளக்கத்தை அமைத்துக்கொள்கிறது. அவ்விளக்கத்தோடு மோதும் ஒன்றை அது நேரில் காணாதவரை, பாடநூலின் படம் ஓரிடத்திலும் அதன் சொந்த நம்பிக்கை வேறோரிடத்திலும் தனித்தனியே தங்கிவிடும். தேர்வுக்கு ஒன்று, வாழ்வுக்கு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்குவதே செயல்வழிக் கற்பித்தலின் பணி.

உப்பும் மஞ்சளும்

ஒரு தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பை எண்ணிப் பார்ப்போம். காலை பத்து மணி. ஆசிரியர் கரும்பலகையில் எதையும் எழுதவில்லை. வாய் அகன்ற பாத்திரம் ஒன்றைப் பள்ளி முற்றத்தில் வைக்கிறார். குழந்தைகள் சுற்றி அமர்கின்றனர். ஒரு குழந்தை அளவுக்குவளையால் ஒரு லிட்டர் குடிநீரை அளந்து ஊற்றுகிறது. மற்றொரு குழந்தை ஒரு கைப்பிடி உப்பை இட்டுக் கலக்குகிறது. மூன்றாவது குழந்தை சிறிது மஞ்சள்தூளைத் தூவுகிறது. நீர் மஞ்சள் நிறம் பெறுகிறது.

"இதுதான் நம் கடல்" என்கிறார் ஆசிரியர். விரல் நுனியில் தொட்டுச் சுவைத்த குழந்தைகள் முகம் சுளிக்கின்றனர்.

பாத்திரத்தின் நடுவே உயரம் குறைந்த சிறு கிண்ணம் ஒன்று வைக்கப்படுகிறது. அது மிதந்து நகராதிருக்க, கழுவித் துடைத்த கூழாங்கல் ஒன்று அதனுள் இடப்படுகிறது. கிண்ணத்துக்குள் ஒரு துளி நீரும் தெறித்துவிடக் கூடாது. பின்னர், ஒளி ஊடுருவும் நெகிழித்தாளால் பாத்திரத்தின் வாயை மூடி, விளிம்பைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டுகின்றனர். தாளின் நடுவில், கிண்ணத்துக்கு நேர்மேலே, மற்றொரு கூழாங்கல்லை வைத்ததும் தாள் சற்றே தாழ்ந்து குழிகிறது. குழிந்த பகுதி கிண்ணத்தைத் தொடாமல் நிற்கிறது. இதே அமைப்பில் இன்னொரு பாத்திரத்தையும் ஆயத்தம் செய்கின்றனர். முதற்பாத்திரம் வெயிலில் வைக்கப்படுகிறது. இரண்டாவது வகுப்பறையின் நிழலில்.

இந்நிலையில் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புகிறார். "மாலையில் கிண்ணத்தில் என்ன இருக்கும்? ஒவ்வொருவரும் உங்கள் ஏட்டில் எழுதுங்கள்."

இச்செயல்பாட்டின் உயிர்நிலை இவ்வினாவே. முன்னரே கணித்து எழுதிய குழந்தைக்குத்தான் மாலையில் காணவிருப்பதில் பங்கு உண்டு. சிலர் "ஒன்றும் இருக்காது" என்று எழுதுகின்றனர். சிலர் "உப்புநீர் இருக்கும்" என்கின்றனர். "மஞ்சள் மழை பெய்திருக்கும்" என்று எழுதிய சிறுவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கின்றனர். ஆசிரியர் சிரிக்கவில்லை. எந்த விடையையும் சரி என்றோ தவறு என்றோ அவர் கூறவும் இல்லை.

கிண்ணத்தில் சேர்ந்தது

முதல் மாற்றம் நெடுநேரம் காத்திருக்கவிடாமல் புலப்படுகிறது. வெயிலில் வைத்த பாத்திரத்தின் தாள் உட்புறத்தில் மங்கலாகிறது. நண்பகலில் அம்மங்கல் சிறுசிறு மணிகளாகத் திரள்கிறது. மணிகள் ஒன்றோடொன்று கூடிப் பெருத்து, தாளின் சரிவில் மெல்ல இறங்கிக் குழிந்த நடுப்பகுதியை அடைகின்றன. அங்கிருந்து ஒரு துளி கிண்ணத்தில் விழுகிறது. அதைக் கண்ட குழந்தை எழுப்பும் கூச்சல் அடுத்த வகுப்பறை வரை கேட்கிறது.

மாலை மூன்று மணிக்குத் தாளை அவிழ்க்கின்றனர். கிண்ணத்தில் சேர்ந்திருப்பது ஒன்றிரண்டு மேசைக்கரண்டி நீராக இருக்கலாம். வானிலையைப் பொறுத்து அளவு மாறும். அதில் மஞ்சள் இல்லை. நாவில் இட்டால் உப்பும் இல்லை. நிழலில் வைத்த பாத்திரத்திலோ தாளின் உட்புறத்தில் மெல்லிய ஈரம் மட்டுமே தென்படுகிறது. கிண்ணம் ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கிறது.

இரண்டு பாத்திரங்களையும் ஒப்பிட்டதும், இச்சுழற்சியை இயக்குவது எது என்பதைக் குழந்தைகள் தாமே கூறிவிடுகின்றனர். நீரை ஆவியாக்குவது எளிய பணியன்று. ஒரு லிட்டர் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம், கொதிக்கும் அந்நீர் முழுவதையும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. இதனை உள்ளுறை வெப்பம் என்பர். மண்பானையின் சுவர் வழியே கசிந்து ஆவியாகும் நீர் பானையிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால்தான் பானைநீர் குளிர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் இவ்வேலையைக் கடற்பரப்பு முழுவதிலும் கதிரவன் செய்துகொண்டிருக்கிறது.

உப்பு ஏன் மேலே செல்லவில்லை என்ற வினாவுக்கும் இங்கேயே விடை உண்டு. தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளங்களைக் கண்ட குழந்தைக்கு அதனை விளக்கவே வேண்டியதில்லை. பாத்திகளில் பாய்ச்சிய கடல்நீரில் நீர் மட்டும் ஆவியாகிச் செல்ல, உப்பு பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. கடல் உப்பாக இருந்தும் மழை இனிதாக இருப்பதும், உப்பளத்தில் உப்பு விளைவதும் ஒரே நிகழ்வின் இருபக்கங்கள்.

கணக்கு நேராகிறது

பல வகுப்பறைகளில் செயல்பாடு இவ்விடத்தில் முடிந்துவிடுகிறது. இதற்கு அடுத்த படியே மிக இன்றியமையாதது.

ஆசிரியர் அளவுக்குவளையை மீண்டும் கையில் தருகிறார். பாத்திரத்தில் எஞ்சிய நீரை அளக்கின்றனர். ஒரு லிட்டருக்குக் குறைவாக இருக்கிறது. "நீர் குறைந்துவிட்டது" என்கின்றனர். "கிண்ணத்து நீரையும் சேர்த்துப் பாருங்கள்" என்கிறார் அவர். தாளில் ஒட்டியிருந்த துளிகளையும் ஒரு குழந்தை வழித்துச் சேர்க்கிறது. இப்போது அளவு ஏறத்தாழ ஒரு லிட்டரை எட்டுகிறது. இன்னும் சிறிது குறைகிறது.

"அந்தச் சிறிது எங்கே?"

கயிறு தளர்ந்திருந்த இடத்தை ஒரு சிறுமி சுட்டிக்காட்டுகிறாள். "அந்த வழியாகக் காற்றில் போயிருக்கும், ஐயா."

காலையில் "இல்லாமல் போய்விட்டது" என்று கூறிய அதே வகுப்பு, மாலையில் குறைந்த நீர் சென்ற இடத்தைத் தேடுகிறது. நீர் அழிவதில்லை, வடிவத்தையும் இடத்தையும் மாற்றிக்கொள்கிறது என்ற உண்மையை எவரும் அக்குழந்தைகளுக்குச் சொல்லித் தரவில்லை. தாங்கள் ஊற்றிய நீருக்கு அவர்களே கணக்குப் பார்த்துவிட்டனர்.

தெரிந்து தெளிவோம்

உலகில் உள்ள நீர் முழுவதையும் 100 லிட்டர் எனக் கொண்டால், அதில் ஏறத்தாழ 97.5 லிட்டர் உப்புநீர். எஞ்சிய 2.5 லிட்டர் நன்னீரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பனிப்பாறைகளாக உறைந்துள்ளது. பெரும்பாலான மீதி நிலத்தடி நீர். ஆறுகளிலும் நன்னீர் ஏரிகளிலும் காணப்படுவது ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. வளிமண்டலத்தில் உள்ள நீரோ ஏறத்தாழ 1 மில்லி லிட்டர். அதாவது இருபது துளிகள். இந்த இருபது துளிகளே ஒன்பது, பத்து நாள்களுக்கு ஒருமுறை பொழிந்து மீண்டும் நிரம்பி உலகம் முழுமைக்கும் மழை தருகின்றன.

கண்டவர்களும் அளந்தவர்களும்

கடல்நீர் முகிலாகி மலையில் பொழிந்து மீண்டும் கடலைச் சேர்வதைத் தமிழ்ப்புலவர்கள் உற்றுநோக்கிப் பாடியுள்ளனர். காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகத்தில் கடலிலிருந்து நிலத்துக்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் பொருள்கள் ஓயாமல் இடம்பெயர்வதைக் காட்ட, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் எடுத்தாண்ட உவமை இதுவே. முல்லைப்பாட்டில் கடல்நீரைப் பருகி எழும் முகிலைத் தொடக்கத்திலேயே காண்கிறோம். திருப்பாவையின் நான்காம் பாடலும் கடலுள் புகுந்து நீரை முகந்து எழும் மழையைக் காட்டுகிறது. திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு என்னும் அதிகாரம் அமைந்துள்ளமை, மழைக்குத் தமிழர் அளித்த இடத்தைக் காட்டும்.

புலவர்கள் கண்டதை அளந்து உறுதிசெய்யும் பணி பிற்காலத்தில் நிகழ்ந்தது. ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும், ஆறுகள் நிறைய ஓடும் அளவுக்கு மழை பெய்வதில்லை. கடல்நீரே நிலத்தடி வழிகளில் ஏறிவந்து ஊற்றாகிறது என்று அறிஞர் பலர் கருதினர். ஊற்றுநீர் மழையால் விளைவதே என்று 1580இல் எழுதிய பெர்னார் பாலிசி, மண்பாண்டக் கலைஞர். 1674இல் வெளிவந்த நூலில் பியர் பெரோ, பிரான்சு நாட்டின் சேன் ஆற்றுத் தலைப்பகுதியில் பெய்யும் மழையையும் அவ்வாற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டு, மழைநீர் ஆற்றுநீரைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு என்று காட்டினார். ஆறு ஓடுவதற்கு மழையே போதும் என்பது அதனால் உறுதியாயிற்று.

மறுபாதிக் கணக்கை எட்மண்ட் ஹாலி பார்த்தார். வால்மீன் ஒன்றுக்குப் பெயராக விளங்குபவர் அவரே. கடலளவு உப்புக் கலந்த நீரைச் சிறு தட்டில் எடுத்து, கோடைக்காலக் காற்றின் வெப்பநிலைக்குச் சூடாக்கி, தராசில் தொங்கவிட்டார். இரண்டு மணிநேரத்தில் எவ்வளவு எடை குறைகிறது என்று பார்த்தார். அதைக் கொண்டு மத்தியதரைக் கடலிலிருந்து நாள்தோறும் ஆவியாகும் நீரைக் கணக்கிட்டு 1687இல் வெளியிட்டார். ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் நீரைவிட ஆவியாகிச் செல்லும் நீர் மிகுதி என அவர் கணக்குக் காட்டியது. ஆறுகள் இடையறாது பாய்ந்தும் கடல் நிரம்பி வழியாதது ஏன் என்ற வினாவுக்கு விடை கிடைத்தது.

உப்புநீர், ஒரு தட்டு, ஒரு தராசு. ஐந்தாம் வகுப்பு முற்றத்தில் இருந்தவற்றுக்கும் ஹாலியின் அறையில் இருந்தவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. குழந்தைகள் செய்தது விளையாட்டாகத் தோன்றலாம். அறிவியல் நடந்துவந்த வழியும் அதுவே.

மாதிரிக்கும் எல்லை உண்டு

எந்த மாதிரியும் இயற்கையை முழுமையாகக் காட்டாது. இதனைக் கூறாமல் விடுவது புதிய பிழைக்கு வித்திடும். "வானத்திலும் இப்படி ஒரு மூடி இருக்கிறதா?" என்று ஒரு குழந்தை கேட்குமானால், அக்கேள்வி அறிவார்ந்தது. பாத்திரத்தில் நீராவி தாளைத் தொட்டுக் குளிர்ந்தது. வானில் அது தொடுவதற்கு ஒரு பரப்பும் இல்லையே, எதனால் குளிர்கிறது?

மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. மேலெழும் காற்று விரிவடைகிறது, விரியும்போது குளிர்கிறது. வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் வெப்பநிலை குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல் அமைந்த உதகமண்டலம் குளிர்ந்திருப்பதை இதனோடு பொருத்திக் காட்டலாம். குளிர்ந்த காற்றிலுள்ள நீராவி, மிதக்கும் தூசு, உப்பு, புகை ஆகியவற்றின் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. அத்துளிகளின் கூட்டமே முகில்.

இதனையும் செய்து காட்டலாம். தெளிவான பெரிய நெகிழிப்புட்டியில் சிறிதளவு வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் குலுக்க வேண்டும். ஊதுவத்தியை ஆசிரியரே ஏற்றி, அதன் புகையைச் சிறிது உள்ளே செலுத்தி மூடியை இறுக்க வேண்டும். பிறகு புட்டியை இரு கைகளாலும் நன்கு அழுத்திச் சட்டென விட்டால், உள்ளே வெண்படலம் தோன்றும். அழுத்தினால் மறையும், விட்டால் மீண்டும் தோன்றும். காற்று விரியும்போது குளிர்கிறது என்பதைக் குழந்தையின் கைகளே உணர்த்திவிடும். புகை செலுத்தாமல் செய்து பார்த்தால் படலம் தெளிவாக அமையாது. துகள்களின் பங்கு அதனால் விளங்கும்.

மரம் விடும் நீர்

கடல் மட்டுமே நீராவியின் பிறப்பிடம் அன்று. பள்ளி வளாகத்து வேப்பமரத்தின் இலை நிறைந்த சிறுகிளை ஒன்றை, ஒளி ஊடுருவும் நெகிழிப்பையால் மூடிக் காம்போடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பக்கத்தில் இலையற்ற குச்சி ஒன்றையும் அதேபோலக் கட்ட வேண்டும். ஓரிரு மணிநேரத்தில் முதற்பையின் உட்புறம் துளிர்க்கும்; மாலையில் அடியில் நீர் தேங்கியிருக்கும். இரண்டாவது பை ஏறத்தாழ உலர்ந்தே இருக்கும். வேர் உறிஞ்சிய நீரை இலைகளின் நுண்துளைகள் ஆவியாக வெளியிடுவதை நீராவிப்போக்கு என்பர்.

மரத்தைத் தொட்டுப் பார்த்தாலும் வெட்டிப் பார்த்தாலும் தெரியாத ஒன்றை அச்சிறு பை காட்டிவிடுகிறது. நிலத்தில் இறங்கிய மழையை மீண்டும் வானுக்கு அனுப்பும் பணியில் மரமும் உழைக்கிறது. செயல்பாடு முடிந்ததும் பையை அவிழ்த்துவிட வேண்டும் என்பதையும் குழந்தைகள் மறக்கலாகாது.

மண் குடிக்கும் நீர்

மூன்று நெகிழிப்புட்டிகளை நீளவாக்கில் ஒருபுறம் வெட்டித் திறந்து, மண் நிரப்பி, வாய்ப்பகுதி சற்றே தாழ்ந்திருக்குமாறு வரிசையாக வைக்க வேண்டும். முதற்புட்டியில் வேரோடு பெயர்த்த புல். இரண்டாவதில் வெறும் மண். மூன்றாவதில் மண்ணை முழுவதும் மூடிய நெகிழித்தாள். ஒவ்வொன்றின் வாய்க்குக் கீழும் ஒரு குவளை. பூவாளியால் மூன்றிலும் ஒரே அளவு நீரைத் தெளிக்க வேண்டும்.

மூன்றாவது புட்டியிலிருந்து நீர் முழுவதும் உடனே வழிந்து குவளையை நிரப்புகிறது. இரண்டாவதிலிருந்து கலங்கல் நீர் மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது. முதலாவதிலிருந்து நீர் தாமதமாக, அளவில் குறைவாக, ஓரளவு தெளிந்து சொட்டுகிறது. மறுநாள் காலையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தால், புல்லின் அடிமண் ஈரமாகவும், தாளின் அடிமண் உலர்ந்தும் இருக்கும்.

"நம் ஊரில் மூன்றாவது புட்டி எங்கே இருக்கிறது?" என்று ஆசிரியர் கேட்கிறார். சிமெண்டு பூசிய முற்றங்கள், தார்ச்சாலைகள், கட்டடங்களாக மாறிய ஏரிப்பரப்புகள் எனக் குழந்தைகள் அடுக்குகின்றனர்.

சென்னை மாநகரம் இதற்கான விடையை இருமுறை கண்டது. 2015 டிசம்பர் முதல் நாளையொட்டிய 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நகரின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. நான்கு ஆண்டுகள்கூட நிறைவுறாத நிலையில், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. ஓராண்டு மழை மிகுந்ததும், பின்னர் ஓராண்டு பொய்த்ததும் மனிதர் கையில் இல்லை. ஆனால் மிகுந்த ஆண்டின் நீரைத் தாங்கிக் குறைந்த ஆண்டுக்கு வழங்கும் ஏரிகளும் சதுப்புநிலங்களும் திறந்த மண்ணும் சுருங்கியமை மனிதர் செயலே. முன்பு பரந்து விரிந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இன்று பழைய பரப்பில் ஒரு சிறு பகுதியாகவே எஞ்சியுள்ளது.

தமிழ்நாட்டில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பயனைக் குழந்தைகளே கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். நூறு சதுர மீட்டர் பரப்புள்ள வகுப்பறைக் கூரையின்மீது ஐம்பது மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஐயாயிரம் லிட்டர். அளவுநாடாவுடன் தம் பள்ளியின் கூரைப்பரப்பை அளந்த குழந்தைக்கு, குழாய் அடைபட்டு நீர் சாக்கடையில் கலப்பது எத்தனை குடம் என்று தெரியும்.

அடியில் தங்கியது

முதல்நாள் செய்த பாத்திரத்தில் உப்பும் மஞ்சளும் கலந்த நீர் இன்னும் எஞ்சியிருக்கிறது. "இதை எங்கே ஊற்றலாம்?" என்று ஆசிரியர் கேட்கிறார்.

"மரத்தடியில்" என்று ஒரு சிறுவன் எழுகிறான். "உப்புநீர் மரத்துக்கு ஆகாது" என்று தடுக்கிறாள் மற்றொருத்தி. "சாக்கடையில்" என்கிறது ஒரு குரல். "சாக்கடை எங்கே போகிறது?" என்று ஆசிரியர் கேட்கிறார். "ஏரிக்கு" என்று தொடங்கிய சிறுவன் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறான்.

இவ்விடத்தில் ஏற்படும் அமைதியே இச்செயல்பாட்டின் பயன். கதிரவன் பாத்திரத்திலிருந்து நீரை மட்டுமே எடுத்துக்கொண்டது. உப்பையும் மஞ்சளையும் விட்டுச் சென்றது. நீர் குறையக் குறைய அடியில் இருப்பது மேலும் செறிவாகிறது. உலகமும் மூடிய பாத்திரம்தான். அதற்கு வெளியே ஊற்றுவதற்கு ஓர் இடம் இல்லை.

நொய்யலாற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை இதற்குச் சான்று. பாசனத்துக்காக அமைந்த அவ்வணையில் சாயக்கழிவு கலந்த நீர் வந்து தேங்கியது. நீர் ஆவியாயிற்று, உப்புகள் தங்கின. அணைநீர் பயிருக்கு ஆகாததாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகளும் நிலங்களும் பாழ்பட்டன. மழை ஆண்டுதோறும் தூயநீரைத் தந்தது. அந்நீர் வந்து விழுந்த நிலமோ தான் பெற்ற எதையும் மறக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு தன் வழியை முடிவில் கண்டுகொண்டது. பாத்திரத்தை மூடாமல் வெயிலிலேயே வைத்தனர். சில நாள்களில் நீர் வற்றியது. அடியில் மஞ்சள் படிந்த உப்புப் பொருக்கைச் சுரண்டி ஒரு தாளில் மடித்து, "நம் கடலில் எஞ்சியது" என்று எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டினர்.

மேல்நிலை வகுப்பில் பயிலும் மாணவருக்கு நீர்ச்சுழற்சி புதிய செய்தி அன்று. ஆயினும் வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருப்பின், விடுமுறை நாளொன்றில் பாத்திரத்தை வெயிலில் வைத்துப் பார்க்கலாம். மாலையில் கிண்ணத்தில் என்ன இருக்கும் என்று முதலில் அவர்களைக் கேட்க வேண்டும். விடையை அவர்கள் எழுதி முடிக்கும்வரை தாம் எதுவும் கூறாதிருக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. பாடத்தில் கூறப்பட்ட செயல்பாடுகளுள் ஒன்றை உங்கள் பகுதிக் குழந்தைகளுடன் செய்து, அவர்கள் முன்னரே கூறிய விடைகளையும் பின்னர்க் கூறியவற்றையும் அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் பள்ளிக் கூரையின் பரப்பை அளந்து, கடந்த மழைக்காலத்தில் அங்கு விழுந்த மழைநீரின் அளவைக் கணக்கிடுக. அந்நீர் எங்கே செல்கிறது என்பதைப் பின்தொடர்ந்து சென்று எழுதுக.

3. உங்கள் ஊரின் நீர்நிலை ஒன்று முன்பு எவ்வாறு இருந்தது என்பதை முதியோரிடம் கேட்டறிந்து, இன்றைய நிலையுடன் ஒப்பிட்டு ஒருபக்க அளவில் கட்டுரை வரைக.

4. 'உலகமும் மூடிய பாத்திரம்தான்' என்னும் கருத்தை உங்கள் வீட்டிலிருந்து வெளியேறும் நீருடன் தொடர்புபடுத்தி வகுப்பில் கலந்துரையாடுக.